டீசல் கேரவனில் எக்ஸாஸ்ட் பிரேக் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

எக்ஸாஸ்ட் பிரேக் என்பது புகைக்குழாயை உள்ளே மூடி, தேங்கும் புகையின் அழுத்தத்தால் என்ஜினை மந்தமாக்கி, மலை இறக்கத்தில் வண்டியின் வேகத்தைப் பிடிக்கும் துணைப் பிரேக். கேரள எல்லை மலையில் உள்ள கோட்டைவாசலிலிருந்து அடிவாரத்துப் புளியரைக்கு இறங்கும் வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் புகாரோடு செங்கோட்டைப் பக்கம் ஒதுங்குபவை லாரிகளாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. ஜல்லி ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போன லாரி, திரும்பும்போது காலியாகத்தான் இறங்குகிறது. தினமும் மலையில் ஓடுவதால் அதன் எக்ஸாஸ்ட் பிரேக்கும் தினமும் வேலை செய்கிறது. கேரவனின் நிலைமை இரண்டிலும் நேர்மாறு. கட்டில், அலமாரி, ஜெனரேட்டர், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி என்று எந்நேரமும் பாரத்தோடுதான் அது ஓடுகிறது. குற்றால சீசனுக்கு ஒரு முறை, சபரிமலைக்கு ஒரு முறை வெளியே வரும். மற்ற நாட்களில் கொட்டகையில் கிடக்கும். அதனால் கேரவனில் வரும் எக்ஸாஸ்ட் பிரேக் கோளாறுகளில் பெரும்பாலானவை தேய்மானத்தால் வருவன அல்ல. சும்மா கிடந்ததால் வருவன. துரு, கரி, குளவிக்கூடு, மழுங்கிய சுவிட்ச் முனை ஆகிய இவற்றைப் பார்த்து முடிக்காமல் புதிய பாகம் வாங்க ஓடாதீர்கள்.

கீழே உள்ளவை பஸ் அல்லது லாரி சேசிஸில் கட்டிய, ஏர் பிரேக் உள்ள டீசல் கேரவன்களை மனத்தில் வைத்து எழுதியவை. தெரிந்துகொள்ள வேண்டிய பாகங்கள் ஐந்துதான்: டாஷ்போர்டிலோ தரையிலோ உள்ள சுவிட்ச், காற்றைத் திறந்துவிடும் சொலினாய்டு வால்வு, ஏர் சிலிண்டர், அது தள்ளும் லீவர், லீவர் திருப்பும் பட்டர்ஃபிளை தகடு. தகடு புகைக்குழாய்க்குள்ளே, பெரும்பாலும் டர்போவை ஒட்டி இருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகை மாசு விதி) வண்டிகளில் இவை எல்லாவற்றையும் ஈசிஎம் என்ற என்ஜின் கணினி கட்டுப்படுத்துகிறது. அவற்றில் நீங்கள் செய்யக்கூடியது குறைவு. அது எங்கே என்று ஆங்காங்கே சொல்கிறேன்.

கை வைக்கும் முன்

ஓட்டி வந்த சூட்டோடு பட்டர்ஃபிளையைத் தொட்டால் தோல் அதோடு போய்விடும். இரண்டு மூன்று மணி நேரமாவது ஆறவிடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். காற்று வந்தால் லீவர் சொல்லாமல் அடிக்கும். உள்ளே இருப்பவர் சுவிட்சைப் போடும்போது வெளியே இருப்பவரின் விரல் லீவர் பக்கம் இருக்கக் கூடாது. என்ஜினை ஓடவிட்டுச் சோதிப்பதானால் திறந்த வெளியில் மட்டும். கொட்டகைக்குள் வேண்டாம்.

## அறிகுறி 1: சுவிட்சைப் போட்டால் எதுவுமே நடப்பதில்லை

முதலில், அது வேலை செய்ய வேண்டிய நிலையில்தான் வண்டி இருக்கிறதா?

எக்ஸாஸ்ட் பிரேக்குக்குச் சில நிபந்தனைகள் உண்டு. ஆக்சிலரேட்டரில் கால் இருந்தால் வேலை செய்யாது. கிளட்சை மிதித்திருந்தால் செய்யாது. பல வண்டிகளில் நியூட்ரலிலும், என்ஜின் வேகம் ஐடிலுக்கு அருகே இருக்கும்போதும் செய்யாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் தருணத்தில் தானாகவே விலகிக்கொள்ளும். ஆகவே நிறுத்திய வண்டியில் சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு "போய்விட்டது அண்ணாச்சி" என்று வருபவர்களிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஓட்டிப் பார்த்தீர்களா?" என்பதுதான். ஆலங்குளம் சாலை மாதிரி நேரான இடத்தில் மூன்றாவது கியரில், என்ஜின் நடு வேகத்தைத் தாண்டி ஓடும்போது காலை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்.

காற்று ஏறியிருக்கிறதா?

எக்ஸாஸ்ட் பிரேக்குக்கான காற்று துணை இணைப்பிலிருந்து வருகிறது. முக்கியப் பிரேக்குகளின் டேங்குகள் நிரம்பிய பிறகே அதற்குப் பங்கு கிடைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்த உடனே பார்த்தால் ஒன்றும் நடக்காது. மீட்டர் முழு அழுத்தத்துக்கு வரட்டும். பெரும்பாலான வண்டிகளில் அது சதுர சென்டிமீட்டருக்கு 7 முதல் 8 கிலோ.

மிதியடி

சிரிக்காதீர்கள். கேரவனை வீடு போல வைத்திருப்பவர்கள் ஓட்டுநர் காலடியிலும் விரல் கனத்துக்குத் தென்னை நார் மிதியடி போட்டுவிடுகிறார்கள். அது முன்னே நகர்ந்து ஆக்சிலரேட்டரின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தால், பெடல் ஒரு நூல் அளவு அழுந்தியே நிற்கும். ஓட்டுநருக்குத் தெரியாது, ஆனால் பெடல் சுவிட்சுக்குத் தெரியும். மிதியடியை எடுத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலரேட்டருக்கு அருகில் மிதியடி நகர்வது வேறு வகையிலும் ஆபத்து என்பதால், திரும்பப் போட வேண்டாம்.

ஃபியூஸ், பெடல் சுவிட்சுகள், எர்த்

ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எக்ஸாஸ்ட் பிரேக்கின் ஃபியூஸ் எது என்று இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். மீண்டும் எரிந்தால் வயர் எங்கோ உரசுகிறது என்று பொருள். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளித்தால் வயரிங் வேகும். கேரவனுக்குள் பிளைவுட்டும் மெத்தையும்தான் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து ஆக்சிலரேட்டர், கிளட்ச் பெடல்களின் மேலே உள்ள சிறு சுவிட்சுகள். டார்ச் அடித்துப் பாருங்கள். கையால் அழுத்தி விட்டால் 'டிக்' என்று துள்ளி வர வேண்டும். தூசியில் ஒட்டிக்கொண்டு பாதியில் நிற்பது சாதாரணம். எலக்ட்ரிக்கல் கிளீனர் அடித்துப் பத்து முறை அழுத்திவிட்டால் பல சுவிட்சுகள் பிழைத்துவிடும். பிடிப்பு நட் இளகி, பெடலைச் சுவிட்ச் தொடாமலே இருப்பதும் உண்டு.

பிறகு சொலினாய்டு. பழைய வகை வண்டிகளில் இக்னிஷனைப் போட்டு, காற்று நிறைந்த நிலையில், பெடல்களில் கால் வைக்காமல் சுவிட்சைப் போட்டாலே சொலினாய்டில் 'டக்' சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் அதன் பிளக்கைக் கழற்றி டெஸ்ட் லேம்பை மாட்டுங்கள். பெரிய சேசிஸ்களில் 24 வோல்ட், அதற்கேற்ற பல்பாக இருக்கட்டும்.

- லேம்ப் எரிகிறது, சொலினாய்டு அசையவில்லை: காயில் போய்விட்டது. சொலினாய்டை மாற்ற வேண்டும்.
- லேம்ப் எரியவில்லை. ஆனால் அதன் எர்த் முனையைப் பேட்டரி நெகடிவில் வைத்தால் எரிகிறது: எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கிறது. சுரண்டி இறுக்கினால் போதும். திருச்செந்தூர், உவரிக் கடற்கரையில் வண்டியைப் போட்டுத் தங்கிவிட்டு வருபவர்களுக்கு இது அடிக்கடி வரும்.
- எப்படி வைத்தாலும் எரியவில்லை: ரிலே, சுவிட்ச், வயர் ஆகிய மூன்றில் ஒன்று. பக்கத்தில் உள்ள அதே வகை ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இங்கே நிறுத்துங்கள்: பி.எஸ். 6 வண்டியில் என்ஜின் எச்சரிக்கை விளக்கும் சேர்ந்து எரிந்தால் வயரை வெட்டிச் சோதிக்க வேண்டாம். ஸ்கேனர் உள்ள பட்டறையில் பிழைக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். ஈசிஎம்மில் தவறான இடத்தில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் ஆகும் செலவு, எக்ஸாஸ்ட் பிரேக்கின் விலையைத் தாண்டிவிடும்.

## அறிகுறி 2: விளக்கு எரிகிறது, சத்தமும் கேட்கிறது, வண்டி மட்டும் பிடிப்பதில்லை

வரும் புகார்களில் முக்கால்வாசி இதுதான். பொறுமையாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

கியர்

ஐந்தாவது கியரில் என்ஜின் முனகிக்கொண்டு இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கவில்லை என்றால் அது பழுதே அல்ல. என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் இந்தப் பிரேக்குக்கு வலு. ஏறிய கியரைவிடப் பெரிய கியரில் இறங்காதீர்கள். பாரம் அதிகமானால் அதற்கும் ஒன்று கீழே. கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். எஸ் வளைவுக்கு நடுவில் கியர் மாற்றப் போய், அது விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால், எக்ஸாஸ்ட் பிரேக்கும் இல்லை, என்ஜின் பிடிப்பும் இல்லை.

தானியங்கி கியர் உள்ள கேரவன்களில், என்ஜினையும் கியரையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகியிருந்தால்தான் பிடிப்பு சக்கரத்துக்குப் போய்ச் சேரும். வேகம் குறைந்து லாக் விடுபட்டால் பிடிப்பும் போய்விடும். குறைந்த வரம்பைக் கையால் தேர்ந்தெடுத்து மறுபடி பாருங்கள்.

லீவர் அசைகிறதா?

பழைய வகை வண்டியில், இக்னிஷனைப் போட்டு, காற்று நிறைந்த நிலையில், ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. சுவிட்சைப் போட்டதும் ஏர் சிலிண்டரின் தண்டு முழு நீளமும் வெளியே வந்து லீவரைத் திருப்ப வேண்டும். எடுத்ததும் சட்டென்று பின்வாங்க வேண்டும். இங்கிருந்து மூன்று வழி பிரிகிறது.

*அ. தண்டு வரவே இல்லை, அல்லது பாதி வந்து நிற்கிறது*

சிலிண்டரையும் லீவரையும் இணைக்கும் பின்னைக் கழற்றிவிட்டு மறுபடி சுவிட்சைப் போடுங்கள். தண்டு இப்போது முழுதாக வந்தால் சிலிண்டர் நன்றாக இருக்கிறது, பட்டர்ஃபிளைதான் இறுகியிருக்கிறது. இப்போதும் வராவிட்டால் பெரும்பாலும் காற்று வரவில்லை. குழாய் இணைப்புகளிலும் சிலிண்டரின் கழுத்திலும் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வரும் இடம் கசிவு. புகைக்குழாய்ச் சூட்டில் நைலான் குழாய் உருகி ஒட்டிக்கொள்வதும் நடக்கும். பார்த்தால் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஓட்டை அடைந்திருக்கும். கழற்றி ஊதிப் பாருங்கள். புதுக் குழாயை, புகைக்குழாயிலிருந்து விலக்கி வேறு வழியில் கொண்டுபோங்கள்.

*ஆ. பட்டர்ஃபிளை இறுகியிருக்கிறது*

கேரவனின் தலையாய நோய். பின் கழற்றிய நிலையில் லீவரைக் கையால் ஆட்டினால் தடையின்றிப் போய்வர வேண்டும். மண்ணை அரைப்பது போல் கரகரவென்று நகர்ந்தாலோ, நகரவே மறுத்தாலோ, தகட்டைத் திருப்பும் ஷாஃப்ட்டுக்கும் அது சுழலும் புஷ்ஷுக்கும் நடுவே கரியும் துருவும் கட்டியிருக்கின்றன.

ஷாஃப்ட் பட்டர்ஃபிளையின் உடம்புக்குள் நுழையும் இரண்டு முனைகளிலும் துரு இளக்கும் ஸ்பிரேயை நன்றாக அடியுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். ஓர் இரவு ஊறட்டும். காலையில் செம்புச் சுத்தியலாலோ மரக்கட்டையாலோ ஷாஃப்ட் முனையில் மெல்லத் தட்டுங்கள். லீவரை ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம் அசையுங்கள். கருப்புக் குழம்பு போல் கரி வெளியே வழிய ஆரம்பித்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். துடைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். லீவர் முழு வீச்சும் ஒரே சீராகப் போகும்வரை விடாதீர்கள்.

செய்யக் கூடாதவை இரண்டு. லீவரில் இரும்புக் குழாயை மாட்டி எம்பாதீர்கள். தகட்டை ஷாஃப்ட்டில் பிடித்திருக்கும் திருகுகள் அறுந்து தகடு குழாய்க்குள் விழுந்துவிடும். கேஸ் வெல்டிங் தீயைக் காட்டிச் சூடேற்றும் வேலை சாலையோரத்தில் வேண்டவே வேண்டாம். மேலே உங்கள் படுக்கையறைத் தரை இருக்கிறது, பக்கத்தில் டீசல் குழாய் போகிறது.

விடுபட்ட பிறகு என்ன தடவுவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். என்ஜின் ஆயிலும் வீல் கிரீஸும் அந்தச் சூட்டில் வெந்து புதுக் கரியாகிவிடும். ஒரே வாரத்தில் முன்னைவிட மோசமாக இறுகும். கிராஃபைட் அல்லது நிக்கல் கலந்த, அதிகச் சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் வகைதான் சரி. உதிரிபாகக் கடையில் சைலன்சர் போல்ட்டுக்குப் போடும் பேஸ்ட் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

*இ. லீவர் நன்றாக அசைகிறது, பிடிப்பு மட்டும் இல்லை*

லீவரை ஷாஃப்ட்டோடு இறுக்கும் போல்ட்டைப் பாருங்கள். அது இளகினால் லீவர் மட்டும் ஆடும், ஷாஃப்ட் நிற்கும். ஷாஃப்ட் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சுவிட்சைப் போட்டால் தெரிந்துவிடும். கோடு லீவரோடு சேர்ந்து திரும்ப வேண்டும்.

கோடு திரும்புகிறது என்றால் புகைக் கசிவைத் தேடுங்கள். மேனிஃபோல்ட், டர்போ, பட்டர்ஃபிளை ஆகியவற்றுக்கு இடையில் எந்த கேஸ்கெட் போயிருந்தாலும், மூடிய புகை அந்த வழியே தப்பிவிடும். கசிவுள்ள இடத்தில் இறகு விரித்தது போல் கருப்புக் கரித் தடம் இருக்கும். கேரவனில் இது பிரேக் பிரச்சினையோடு நிற்பதில்லை. எக்ஸாஸ்ட் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தோடு வெளியேறும் புகை, தண்ணீர்க் குழாய்க்கும் வயருக்கும் தரையில் போட்ட ஓட்டைகள் வழியே உள்ளே ஏறும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணம் கிடையாது. கரித் தடத்தைக் கண்டால் கேஸ்கெட் மாற்றும்வரை யாரையும் பின்னால் படுக்கவைத்து ஓட்டாதீர்கள். ஓட்டைகளைச் சுற்றிலும் அடையுங்கள்.

கசிவும் இல்லையா? அப்படியானால் தகடு முழுதாக மூடவில்லை, அல்லது விளிம்பு அரித்துவிட்டது. குழாயைக் கழற்றித்தான் பார்க்க முடியும்.

இங்கே நிறுத்துங்கள்: தகட்டின் நிறுத்தத் திருகைத் திருப்பி "இன்னும் கொஞ்சம் இறுக்கமாக" மூட வைப்பது, தகட்டில் உள்ள சிறு துளையை வெல்டு வைத்து அடைப்பது, இரண்டையும் செய்யும் ஆட்கள் உண்டு. பிடிப்பு கூடுகிறது என்று ஓட்டுநரும் மகிழ்ந்து காசு கொடுப்பார். அந்தத் துளையை உற்பத்தியாளர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். பின்னழுத்தம் வரம்பைத் தாண்டினால் என்ஜினின் எக்ஸாஸ்ட் வால்வுகள் அவற்றின் ஸ்பிரிங்கையும் மீறித் திறந்துகொள்ளும். வால்வு போனால் ஹெட்டை இறக்க வேண்டும். பின்னழுத்தத்தை கேஜ் வைத்து அளந்து, அந்த என்ஜினுக்கான அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது என்ஜின் மெக்கானிக்கின் வேலை.

## அறிகுறி 3: போட்ட பிரேக் விடுவதில்லை

என்ஜின் இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, சூடு ஏறுகிறது, சில நேரம் அணைந்தே போகிறது, மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. இவை எல்லாம் பட்டர்ஃபிளை மூடியே நிற்பதன் அடையாளங்கள். டீசல் பம்ப், ஃபில்டர் என்று கழற்ற ஆரம்பிப்பதற்கு முன் லீவரை ஒரு பார்வை பாருங்கள். இந்தப் புகாரோடு வந்த வண்டிகளில் இன்ஜெக்டர் கழற்றிப் பார்த்த வண்டிகளும் உண்டு.

இந்த நிலையில் ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். டர்போவும் என்ஜினும் சூட்டில் கெடும்.

சாலையோரத்தில் தற்காலிக வழி: வண்டியை ஒதுக்கி, குளிரவிட்டு, எக்ஸாஸ்ட் பிரேக் ஃபியூஸைக் கழற்றுங்கள். லீவர் திறந்த நிலைக்குப் போனால் நல்லது. போகாவிட்டால் சிலிண்டர் பின்னைக் கழற்றி, லீவரைக் கையால் திறந்து, கட்டுக்கம்பியால் அசையாமல் கட்டிவிடுங்கள். பிறகு எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாத வண்டியாக ஓட்ட வேண்டும். சமவெளி என்றால் போகலாம். முன்னால் மலை இறக்கம் என்றால் மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்.

ஃபியூஸைக் கழற்றியதும் விட்டுவிட்டது என்றால் கோளாறு மின்சாரத்தில் இருக்கிறது. ரிலே முனைகள் ஒட்டியிருக்கும், அல்லது சுவிட்ச் உள்ளே மாட்டியிருக்கும்.

ஃபியூஸைக் கழற்றியும் விடவில்லை, ஆனால் சிலிண்டரின் காற்றுக் குழாயை இளக்கியதும் 'புஸ்' என்று விட்டுவிட்டது என்றால், சொலினாய்டின் வெளியேற்றத் துளை அடைத்திருக்கிறது. ஆறு மாதம் கொட்டகையில் கிடந்த வண்டியில் இதற்குக் காரணம் பெரும்பாலும் குளவி. பென்சில் கனமுள்ள துளை அதற்கு அளவெடுத்துச் செய்த வீடு. செம்மண் உருண்டை வைத்து அழகாகப் பூசி மூடியிருக்கும். மெல்லிய கம்பியால் குத்தி உள்ளே தள்ளிவிடாமல், சொலினாய்டைக் கழற்றி வெளிப்பக்கமாகச் சுரண்டி எடுங்கள். துளைக்குச் சிறு வலையோ தொப்பியோ போட்டால் அடுத்த குளவி வராது.

குழாயை இளக்கியும் விடவில்லை என்றால் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது தகடு மூடிய நிலையில் இறுகிவிட்டது. ஸ்பிரிங் மலிவு, இறுக்கத்துக்கு மேலே அறிகுறி 2-இல் சொன்ன வைத்தியம்.

இங்கே நிறுத்துங்கள்: மூடிய நிலையில் நெடுந்தூரம் ஓட்டியிருந்தால், பிரேக் சரியான பிறகும் டர்போவைக் காட்டிவிடுங்கள். டர்போ ஊளையிடுவதும் புகைக்குழாயில் ஆயில் ஈரம் தெரிவதும் நல்ல சகுனம் அல்ல.

## அறிகுறி 4: இறக்கத்தின் தொடக்கத்தில் பிடிக்கிறது, பாதியில் வலு குறைகிறது

காற்று மீட்டரைப் பாருங்கள். கால் பிரேக்கை அடிக்கடி மிதிப்பதால் காற்று இறங்கி, துணை இணைப்புக்குக் காற்று போவது நின்றிருக்கலாம். அப்படியானால் கோளாறு எக்ஸாஸ்ட் பிரேக்கில் இல்லை. ஏர் டேங்குகளின் அடியில் உள்ள வால்வை இழுத்துத் தண்ணீரை வடியுங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் டம்ளர் கணக்கில் வரும். தண்ணீரோடு பால் போல் ஆயிலும் சேர்ந்து வந்தால் கம்ப்ரசரும் ஏர் டிரையரும் கவனம் கேட்கின்றன. அதைப் பட்டறைக்கு விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அதே காற்றில்தான் உங்கள் முக்கியப் பிரேக்கும் ஓடுகிறது.

வாக்குவம் கொண்டு இயங்கும் சிறிய வண்டிகளில் இதே அறிகுறிக்கு ரப்பர் குழாயின் வெடிப்பைத் தேடுங்கள்.

## அறிகுறி 5: ஈரச் சாலையில் பின்பக்கம் இழுக்கிறது

இது பழுது அல்ல. இந்தப் பிரேக்கின் குணம். அது என்ஜின் சுழற்றும் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. ஆனி, ஆடிச் சாரலில் புளியரை வளைவுகளில் இலைச் சருகும் லாரிகள் சிந்திய டீசலும் சேர்ந்து எண்ணெய் தடவியது போல் இருக்கும். அங்கே சிறிய கியரில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் படாரென்று போட்டால் பின்சக்கரங்கள் ஒரு கணம் வழுக்கும், நீண்ட கேரவனின் வால் வெளியே வீசும். அந்த நேரத்தில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வேகத்தை நேரான துண்டில் கால் பிரேக்கால் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் வெறும் கியரின் பிடிப்பில் நுழையுங்கள்.

உலர்ந்த சாலையிலும் ஒரே பக்கமாக இழுத்தால் டயர், கால் பிரேக் சமநிலை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: மாஞ்சோலை மாதிரி எஸ்டேட் மலைச்சாலைகளுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில் கேரவனைக் கொண்டுபோக நினைக்காதீர்கள். புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். அந்த அகலத்துக்கும் திருப்பத்துக்கும் இவ்வளவு நீள வண்டி பொருந்தாது. மணிமுத்தாறில் நிறுத்திவிட்டு வேறு வண்டியில் போங்கள்.

## அறிகுறி 6: எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தும் கால் பிரேக் கருகிய வாடை வருகிறது

வாடை வந்துவிட்டால் முதலில் ஒதுங்குங்கள். கட்டை வைத்து ஆறவிடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும்.

- வழக்கம்: காலைப் பிரேக்கிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு இறங்குகிறீர்களா? என்ஜின் வேகம் சிவப்புக் கோட்டை நெருங்கும்போது ஒருமுறை அழுத்தமாக மிதித்து, வேகத்தை நன்றாகக் குறைத்து, முழுதாக விட்டுவிட வேண்டும். என்ஜின் அளவு மீறிச் சுற்றுவதை எக்ஸாஸ்ட் பிரேக் தானாகத் தடுக்காது. அந்தப் பொறுப்பு உங்கள் காலுக்குத்தான்.
- பாரம்: 300 லிட்டர் தண்ணீர் 300 கிலோ. குற்றாலத்திலும் பாபநாசத்திலும் தண்ணீருக்கா பஞ்சம்? தொட்டியைக் கால்வாசியோடு கொண்டுபோய் இறங்கிய பிறகு நிரப்பிக்கொள்ளுங்கள்.
- ஒரே சக்கரத்தில் மட்டும் வாடை: அந்தச் சக்கரத்தின் ஸ்லாக் அட்ஜஸ்டரோ (பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்), பிரேக் ஷூ திரும்பாமல் நிற்பதோ காரணம். இது பிரேக் மெக்கானிக்குக்கு. நீங்களாகத் திருப்பிப் பார்க்கும் இடம் அல்ல.

## அறிகுறி 7: சத்தங்கள்

போடும்போது வரும் ஆழ்ந்த உறுமல் இயல்பானது. சாதாரணமாக ஓடும்போது 'படபட' என்று தகரம் ஆடும் சத்தம் வந்தால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்து தகடு ஆடுகிறது. யூனிட்டை மாற்றும் காலம் நெருங்குகிறது. நிறுத்திய பிறகும் 'ஸ்ஸ்' என்று ஓயாத காற்றுச் சத்தம் என்றால் சோப்பு நுரையை எடுங்கள்.

## கிடக்கும் வண்டிக்குச் செய்ய வேண்டியவை

மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பதை நிறையப் பேர் பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். அது குழாய்க்குள் கரியையும் ஈரத்தையும் சேர்ப்பதோடு சரி. வண்டியை வெளியே எடுத்து, என்ஜின் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓட்டி, சமவெளியிலேயே பத்துப் பதினைந்து முறை எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு எடுங்கள். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் என்ஜின் ஆறியபின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, மறுநாள் கொஞ்சம் ஓட்டி உலர்த்துங்கள். சீசனுக்குப் புறப்படும் முந்திய வாரம், பின்னைக் கழற்றி லீவரைக் கையால் ஆட்டிப் பார்த்து ஷாஃப்ட் முனைகளில் ஆன்டி-சீஸ் தடவுங்கள். புறப்படும் அன்று காலையில் பார்த்துப் பயனில்லை. இறுகியிருந்தால் ஓர் இரவு ஊற வேண்டும் என்பதை மேலே சொன்னேன்.

மெக்கானிக்கை அழைப்பதானால் போனிலேயே நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: வண்டி பி.எஸ். 6-ஆ, அதற்கு முந்தியதா. சுவிட்சைப் போட்டால் சொலினாய்டு சத்தம் வருகிறதா. லீவர் முழுதாக அசைகிறதா. காற்று மீட்டர் எத்தனை காட்டுகிறது. இவை தெரிந்தால் அவர் சொலினாய்டை எடுத்துவருவதா, ஸ்கேனரை எடுத்துவருவதா என்று கிளம்பும்போதே முடிவு செய்துவிடுவார்.